நாங்களே எழுதிய கிரயப் பத்திரம்

ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர் குடும்பங்களுள் பலவற்றுக்கு வீடுகள் இரண்டு உண்டு. ஒன்று, வாடகையோ வங்கிக் கடனோ செலுத்தி நாம் குடியிருக்கும் வீடு. மற்றொன்று, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு. முன்னதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். பின்னதைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். ஆண்டுக்கு ஒரு முறை ஊரிலிருந்து யாரேனும் பேசி, 'பின்கட்டில் ஓடு சரிந்துவிட்டது. முற்றத்தில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது' என்று சொல்லும்போது மட்டும், அந்த வீட்டை என்ன செய்வது என்னும் கேள்வி எழும். கோடை விடுமுறை கழிந்ததும் அது மறைந்துவிடும்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் எங்கள் வீடும் அவ்வாறுதான் கிடந்தது. அப்பா அதை 1968ஆம் ஆண்டில் தம் சம்பாத்தியத்தில் வாங்கினார். 2011இல் அவர் மறைந்தார். 2016இல் அம்மாவும் மறைந்தார். அதன்பின் கதவு பூட்டிய கதவாகவே நின்றது. அண்ணன் தம்பியராகிய நாங்கள் இருவரும் மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊரின் பெயர் தெரியும்; தெரு தெரியாது. ஆதலால் சென்ற ஆண்டு, விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். அதே ஊரில் ஆசிரியப் பணி புரியும் ஒருவர் பதினெட்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்க முன்வந்தார்.

ஊரில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினோம். "நீங்கள் ஒரு நாள் வந்து கையெழுத்திட்டுப் போனால் போதும். மற்றவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் நல்லவர், தொழில் தெரிந்தவர், கேட்ட கூலியும் மிகுதியன்று. ஆயினும் எங்களுள் இளையவர், நாற்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், "நம் அப்பா வாங்கிய வீட்டை விற்கும் பத்திரத்தை நாம் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதா? நாமே எழுதினால் என்ன?" என்று கேட்டார். பேச்சுக்காகக் கேட்ட கேள்வி பிடிவாதமாக வளர்ந்தது.

தம் சொத்தைத் தாமே எழுதி விற்பதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. பிறருக்காகக் கூலி பெற்றுப் பத்திரம் எழுதுவதற்கே உரிமம் வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையதளத்தில் மாதிரி ஆவணங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. அவற்றைத் துணையாகக் கொண்டு, இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தோம். ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்த வழியில் செல்ல எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறோம். அவற்றினும் முக்கியமான ஒன்றை இறுதியில் சொல்வோம்.

முதலில் மூலப் பத்திரம். அப்பாவின் தகரப் பெட்டியில் 1968ஆம் ஆண்டுப் பத்திரம் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, மை மங்கி, 'மேற்படி' என்பதற்கு வளைத்துப் போட்ட பழைய குறியோடு, அளவுகள் எல்லாம் முழக் கணக்கில் இருந்தன. மூலம் கைவசம் இல்லாதவர்கள், பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று. சொத்தின் மேல் கடனோ அடமானமோ வேறு கிரயமோ பதிவாகியிருக்கிறதா என்பதை அது காட்டும். அண்மை ஆண்டுகளின் விவரத்தை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. மிகப் பழைய ஆண்டுகளுக்கு விண்ணப்பித்துத் தேடச் சொல்ல வேண்டும். எங்கள் தேடலில் அப்பா 1979இல் வைத்த ஓர் அடமானம் தெரிந்தது. எங்கள் படிப்புக்காக வாங்கிய கடன் அது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். 1986இல் கடன் தீர்ந்து ரசீதுப் பத்திரம் பதிவான வரியும் அடுத்த பக்கத்தில் இருந்ததால் கவலை நீங்கியது. ரசீது பதிவாகாமல் அடமானம் மட்டும் நின்றிருந்தால், கடன் கொடுத்தவரின் வாரிசுகளைத் தேடி அலைய நேர்ந்திருக்கும்.

மூன்றாவது பட்டா. பத்திரம் பதிவுத்துறையின் காரியம். பட்டா வருவாய்த்துறையின் காரியம். ஒன்றில் பெயர் மாறினால் மற்றொன்றிலும் தானே மாறிவிட்டது என்று நம்பி இருந்துவிடுகிறவர்கள் பலர். எங்கள் வீட்டின் நத்தம் பட்டா இன்னும் அப்பாவின் பெயரிலேயே இருந்தது. நான்காவது வாரிசுச் சான்றிதழ். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு வேண்டியிருந்தன. அவற்றை வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும்.

இனிப் பணக் கணக்கு. கிரயப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2017இல் 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 2023இல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அரசின் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதன்மேல் கணக்கிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வழிகாட்டி மதிப்பு குறைவாக இருந்தமையால் பதினெட்டு இலட்சத்தின் மேல் தீர்வை 1,26,000 ரூபாய். கட்டணம் 36,000 ரூபாய். வேறு உடன்பாடு இல்லையேல் முத்திரைச் செலவு வாங்குபவரைச் சார்ந்தது என்று 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் கூறுகிறது. விற்பவர் செலுத்த வேண்டியது வருமான வரி. 2001க்கு முன் வாங்கிய சொத்தாயின், 2001 ஏப்ரல் 1 அன்று அது பெற்றிருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொண்டு ஆதாயத்தைக் கணக்கிட இடம் உண்டு. விலை ஐம்பது இலட்சத்தை எட்டினால், வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 'பாதி ரொக்கம், பாதி காசோலை' என்னும் பேச்சுக்கு யாரும் இணங்க வேண்டா. வீடு நில விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2015 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. வாங்கிய தொகை அளவுக்குத் தண்டமும் உண்டு.

நிற்க. இவ்வளவும் ஆனபின் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து வந்த வரலாறு, விலை, சொத்து விவரம் என்று ஒழுங்காகச் சென்றது. அப்பாவின் சுயார்ஜிதம் என்றும், அவர் உயில் ஏதும் எழுதாமல் காலமானார் என்றும் எழுதினோம். பிறகு எல்லாக் கிரயப் பத்திரங்களிலும் வருகின்ற ஒரு வாக்கியத்துக்கு வந்தோம். 'மேற்படி சொத்தில் எங்களைத் தவிர வேறு எவருக்கும் யாதொரு உரிமையும் பாத்தியதையும் கிடையாது.' அதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

எங்களுக்கு ஓர் அக்கா உண்டு.

அக்கா திருவைகுண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. எங்கள் படிப்பு நிற்கவில்லை. அப்பா இறந்தபின் அம்மாவை ஐந்து ஆண்டுகள் வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்த்துக்கொண்டவர் அவர்தாம். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, "கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இந்த வீட்டில் என்ன பேச்சு?" என்று எங்களுள் ஒருவர் கேட்டுவிட்டார். மற்றவர் மறுத்துப் பேசவில்லை. எங்களுள் யார் கேட்டவர், யார் வாய் மூடியிருந்தவர் என்பதை இங்கே எழுதவில்லை, இரண்டும் ஒன்றேதான். அக்கா அன்று மாலைப் பேருந்தில் ஏறிப் போனார். அதன்பின் கலியாண வீடுகளில் கண்டோம். 'சாப்பிட்டாயா' என்ற அளவில் பேசினோம்.

முதலில் இதைச் சமாளிக்கவே எண்ணினோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காவின் கலியாணத்துக்குப் பதினைந்து பவுன் போட்டதையும், தலைத்தீபாவளிச் சீரையும், பிள்ளைப்பேற்றுச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஒரு சிறு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பேசினோம். ஊரில் கேட்டபோது, "பெண் பிள்ளைகள் வழக்கமாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்" என்றார்கள்.

சட்டத்தை எடுத்துப் படித்தோம். மகளுக்குச் சொத்துரிமை 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்தால் வந்தது என்றும், 2005இல் மத்தியச் சட்டத்தால் வந்தது என்றும் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அவை பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. தகப்பனார் தாமே சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச் சென்ற சொத்தில் மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு என்பதை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. அதாவது, அப்பா இந்த வீட்டை வாங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே! கலியாணத்தில் போட்ட நகையை அந்தப் பங்கில் கழித்துக்கொள்ளும் விதியும் அதில் இல்லை. அப்பாவுக்குப் பின் நால்வருக்குக் கால் பங்கு வீதம். அம்மாவுக்குப் பின் மூவருக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம். கணக்குப் பிரிவுக்காரராகிய எங்கள் இளையவர் அந்தச் சீர்க்கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதை வெளியே எடுக்கவில்லை.

அக்காவை விட்டுவிட்டு விற்றிருந்தால் என்ன ஆகும்? எங்கள் இருவர் பங்கு மட்டுமே வாங்கியவருக்குப் போய்ச் சேரும். அக்காவின் பங்கு அக்காவிடமே நிற்கும். தமக்கு விற்கும் உரிமை உண்டு என்று விற்பவர் உறுதி கூறியதாகவே 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கொள்கிறது. அந்த உறுதி பொய்த்தால், சேமித்த பணத்தைக் கொட்டி வாங்கிய அந்த ஆசிரியர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அவர் பின்னால் நாங்களும் ஏற வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், எங்களைத் தடுத்தது அந்த அச்சம் மட்டும் அன்று. வேறொருவர் எழுதி வைத்த பத்திரமாயிருந்தால், அந்த வாக்கியத்தின் மேல் கண் ஓட்டாமலே கையெழுத்திட்டிருப்போம். எங்கள் கையாலேயே அதை எழுத வேண்டியிருந்தது, எழுத முடியவில்லை.

நாகர்கோயில் விரைவு வண்டியில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கினோம். ஊருக்குப் போகாமல், நேரே திருவைகுண்டம் சென்றோம். அத்தான் திண்ணையில் இருந்தார். "வாங்க" என்று எழுந்து உள்ளே குரல் கொடுத்தார். அக்கா வந்தார், காப்பி வந்தது, ஒருவரும் பேசவில்லை. மூத்தவர் பையிலிருந்து பத்திர வரைவை எடுத்து நீட்டினார். எழுதிக் கொடுப்பவர் வரிசையில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது.

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்து, ஒரு சொல்லும் விடாமல் படித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சொத்து விவரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"என்ன தம்பி, தோட்டம் தெற்கேன்னு எழுதியிருக்கீங்க? தோட்டம் வடக்கேல்லா இருக்கு!"

பழைய பத்திரத்தைக் காட்டினோம். அதில் 'தோட்டத்துக்குத் தெற்கு' என்று தெளிவாக எழுதியிருந்தது. அக்கா சிரித்தார். தோட்டத்துக்குத் தெற்கே இருப்பது நம் வீடு. ஆகையால் நம் வீட்டுக்குத் தோட்டம் வடக்கெல்லை. அந்தக் காலத்துப் பத்திரங்களில் நான்கு மாலும் அப்படித்தான் எழுதுவார்கள். நாங்கள் வடக்கைத் தெற்காகவும் கிழக்கை மேற்காகவும் புரட்டிப் போட்டு, இல்லாத ஒரு வீட்டை விற்க இருந்தோம்!

"கிணற்றையும் முழுசா வித்துட்டீங்களே. அது அப்பாவும் கீழ்வீட்டு மாமாவும் ஆளுக்குப் பாதிச் செலவு போட்டு வெட்டினது. பாதி அவுகளுக்கு. அறுபத்தெட்டுப் பத்திரத்தில் அது எப்படி இருக்கும்? கிணறு வெட்டினதே எழுபத்தேழிலே."

எங்களிடம் வில்லங்கச் சான்று இருந்தது, பட்டா இருந்தது, இணையத்திலிருந்து எடுத்த மாதிரி ஆவணமும் இருந்தது. அந்தக் கிணற்றில் பாதி நம்முடையதன்று என்று சொல்வதற்கு உலகத்தில் இருந்தவர் அக்கா ஒருவர்தாம்.

பங்கைப் பற்றி நாங்கள் தயங்கித் தயங்கிப் பேசினோம். "உனக்கு வேண்டுமானால்..." என்று மூத்தவர் தொடங்கியபோது அக்கா இடைமறித்தார். "வேண்டும் தம்பி. நான் விட்டுக் கொடுத்தேன்னா, நாளைக்கு என் மகளையும் விட்டுக் கொடுன்னு சொல்லுவாங்க. உங்க பெண்களையும் சொல்லுவாங்க." அவ்வளவுதான். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. நாங்கள்தாம் எடுத்தோம்; எடுத்து, தவறு என்று சொன்னோம். அக்கா எழுந்து இன்னொரு தம்ளர் காப்பி கொண்டுவந்தார்.

திருத்திய வரைவை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னோம். நாமே எழுதுவது என்றால் பிறர் அறிவை வேண்டாமென்று ஒதுக்குவது அன்று. மைனர் பங்கு இருந்தாலும், வழக்கு நிலுவையில் இருந்தாலும், மூலம் அறுந்து போயிருந்தாலும், தாமே முயலாமல் தக்கவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. ஊருக்கு வர இயலாதவர், தாம் வசிக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன் அதிகாரப் பத்திரம் எழுதி உறுதி செய்து அனுப்ப 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அதிகாரப் பத்திரமே கிரயம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்து அதை எழுத வேண்டும்.

முன்பணமாக மூவர் கணக்கிலும் ஐம்பதாயிரம் வீதம் வந்தது. பதிவு நாளன்று ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் வீதம் மூன்று வரைவோலைகள் வந்தன. சாட்சிகள் இருவர் அடையாளச் சான்றுகளோடு வந்தனர். ஒவ்வொருவராக அழைத்துப் படம் எடுத்தார்கள். விரல் ரேகை பதித்தார்கள். சார்பதிவாளர் அக்காவை நோக்கி, "பத்திரத்தைப் படித்துப் பார்த்தீர்களா, அம்மா? சம்மதந்தானா?" என்று கேட்டார்.

"படிச்சேன். திருத்தியும் கொடுத்தேன்" என்றார் அக்கா.

மாலையில் மூவரும் வீட்டுக்குச் சென்றோம். புதிய சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்முன், அக்கா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி நீர் இறைத்து, முற்றத்தில் தெளித்து வந்தார். எட்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சாவி எங்களிடமே இருந்தது. அன்று அதை அக்காவின் கையில் கொடுத்தோம். அவர்தாம் ஆசிரியர் மனைவியின் கையில் கொடுத்தார்.

நாங்களே எழுதியதால் மிச்சமான கூலி, இரண்டு முறை ஊர் சென்று வந்த வண்டிச் செலவுக்கும் போதவில்லை. ஆகவே பணம் மிச்சமாகும் என்று சொல்லி யாரையும் நாங்கள் தூண்டப்போவதில்லை. ஆனால் ஊரில் வீடு உடைய ஒவ்வொரு குடும்பத்தாரும், விற்பதாயினும் வைத்திருப்பதாயினும், அந்தப் பழைய பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முறை முழுதும் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். யார் யாருடைய பெயர் அதில் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதும்போது எந்தப் பெயரில் கை தயங்குகிறதோ, அந்தப் பெயருக்குரியவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள். பதிவுக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.